மாண்டலின் பதிவுக்குப் போன் மைக்கா, கண்டென்சர் மைக்கா?

நாட்டுப்புற மெட்டு வாசித்துப் பகிர நினைக்கிறவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

செலவு: போன் கையிலேயே இருக்கிறது. யூஎஸ்பி கண்டென்சருக்கு (கணினியில் நேரே செருகும், மெல்லிய ஒலியையும் பிடிக்கும் மைக்) தனிக் காசு, ஸ்டாண்டும் வேண்டும்.

ஒலி: விஷயமே இங்கேதான். ட்ரெமலோ (ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டுவது) வாசிக்கும்போது பல போன்கள் சத்தத்தைத் தாமாகவே ஏற்றி இறக்குவதால், மெதுவாகத் தொடங்கி வலுக்கிற இடமெல்லாம் ஒரே மட்டமாகிவிடும். கண்டென்சரை, கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்த்து ஓர் அடி தள்ளி வைத்தால் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே பதிவாகும், கூடவே மின்விசிறிச் சத்தமும்!

வசதி: போன்தான், சந்தேகமே இல்லை.

புது மெட்டைக் காட்டிக் கருத்துக் கேட்க மட்டும் என்றால் போன் போதும். ட்ரெமலோ நிறைந்த மெதுவான மெட்டுக்குக் கண்டென்சர். கம்பியின் ஒலி மங்கிப் போயிருந்தால், மைக் வாங்கும் முன் கம்பியை மாற்றிப் பாருங்கள்.