செலவில்லாமல் வேலூர்க் கோடை: பல வருட அனுபவம்

வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்துக்கு முன்னாலேயே 40 டிகிரியைத் தாண்டிவிடும். 'நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்' என்று ஊரைக் கேலி செய்வார்கள். கோயில் கணக்கு 1981-லேயே தீர்ந்துவிட்டது, கோட்டைக்குள் இருக்கும் சிவன் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். மற்றதை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் லீவை எப்படி ஓட்டுவது? வருடக்கணக்காக நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் கோட்டை. 133 ஏக்கர், உள்ளே போக டிக்கெட் கிடையாது. வெளியூர்க்காரர்கள் நாலு மணிக்கே வந்து மதில் ஓரம் உட்கார்ந்து வேர்த்து வழிவார்கள். கருங்கல் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகும் அனலைக் கக்கிக்கொண்டே இருக்கும். காலை ஆறரை மணிதான் சரியான நேரம். அகழி ஓரமாக ஒரு நடை, அப்படியே கோயிலுக்குள் கல்யாண மண்டபம். முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரை, யாளி, மேலே வீரர்கள் என்று தூணுக்குத் தூண் வேலைப்பாடு. பிள்ளைகள் ஒவ்வொரு தூணாகச் சுற்றி வருவதற்குள் நமக்கு அரை மணி நேரம் நிம்மதி. ஆனால் எட்டரைக்கு மேல் கல் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது, ஓடத்தான் வேண்டும்.

அடுத்து பாலாறு. மணலில் கிரிக்கெட் ஆடலாம், மாலையில் காற்றும் வரும். 2021 நவம்பரில் வெள்ளம் போனதைப் பார்த்த பிள்ளைகள், இந்த மணலில்தானா அவ்வளவு தண்ணீர் என்று இன்னும் நம்பாமல் கேட்கிறார்கள். ஆனால் சீமைக்கருவேல முள், சாக்கடை நாற்றம், மணல் அள்ளிய பள்ளங்கள் எல்லாம் உண்டு. இடம் பார்த்துத்தான் இறங்க வேண்டும். கரையோரம் கண்டியின் கடைசி அரசர் விக்கிரம ராஜசிங்கரின் சமாதி இருக்கும் முத்து மண்டபம் அமைதியான இடம். ஒரு தடவை பார்த்தால் போதும்.

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்துக் கோடையின் நிஜமான விருந்து, மகாபாரதக் கதையை ஆடும் பாரதக் கூத்துதான். சித்திரை, வைகாசியில் சுற்றுவட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து கட்டுவார்கள். சுவரொட்டியில் எந்த நாள் என்ன கூத்து என்று போட்டிருக்கும். பிள்ளைகளோடு போவதானால் அர்ச்சுனன் தபசைத் தவறவிடாதீர்கள். உயரமான தபசு மரத்தில் அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். உச்சியில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம், வில்வ இலை, விபூதி என்று வீசுவார். பிள்ளை வரம் வேண்டிக் கீழே மடியேந்தி நிற்கும் பெண்கள் பக்கம் ஒரு பழம் விழும்போது கிளம்பும் சத்தம் இருக்கிறதே, எந்த மேட்சிலும் நான் கேட்டதில்லை.

ராத்திரி முழுக்கக் கண் விழிக்க முடியாதவர்கள் துரியோதனன் வீழும் படுகளத்துக்குப் போகலாம், அது பகலில் நடப்பது. தரையில் மண்ணால் துரியோதனனை மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள், தலை ஒரு கோடி, கால் ஒரு கோடி. பீமன் தொடையைப் பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிப்பாள். எங்கள் பெரியம்மா இத்தனை வருடம் பார்த்தும் அந்த இடத்தில் அழுதுவிடுவார். சாயங்காலம் தீமிதி.

குறை இல்லாமல் இல்லை. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மறுநாள் வரை காதில் ரீங்காரம்தான். பெண்களுக்குக் கழிப்பறை பெரும்பாலும் இருக்காது, தெரிந்த வீடு இருக்கும் ஊராகப் பார்த்துப் போவது நல்லது. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அடிக்கும் சில ஜோக்குகளுக்குப் பிள்ளைகளிடம் விளக்கம் சொல்ல முடியாது.

அம்மனின் தலையை ஊர்வலமாக எடுத்து வரும் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி 1-ஆம் தேதி. பார்க்க வேண்டியதுதான், ஆனால் கூட்டம் தாங்காது. கைக்குழந்தையோடு வேண்டாம்.

கூத்துக்குக் கிளம்பும்போது பாய், போர்வை, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதமாக இருந்தாலும் விடியற்காலை மூன்று மணிக்கு வெட்டவெளியில் பிள்ளைகளுக்குக் குளிரும். திரும்ப அந்த நேரத்தில் பஸ் கிடைக்காது, சொந்த வண்டி இல்லையென்றால் முதல் பஸ் வரும்வரை கூத்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.