கணினித் தூசு ஊதும் புளோவரும் கழன்று விழும் அதன் மூக்கும்

கணினிகளின் தூசைப் போக்குவதற்கு நான் பல வருடங்களாக வைத்திருக்கும் 600 வொட் கைப் புளோவர், கடந்த வாரம்தான் மோட்டர் வைண்டிங் கடையிலிருந்து திரும்பி வந்தது. மோட்டரின் சுழலும் பகுதிக்கு மின்னைக் கொடுக்கும், தேய்ந்துபோயிருந்த காபன் பிரஷ் இரண்டையும் மாற்றியபின், வாங்கிய புதிதில் ஓடிய அதே வேகத்தில் மீண்டும் ஓடுகிறது. பொகவந்தலாவைப் பக்கத்தில் கணினிப் பாடம் கற்பிக்கும் நண்பர் ஒருவர், தம் பாடசாலையின் கணினி அறைக்கு இப்படியொன்றை வாங்கலாமா என்று இதே சமயத்தில் கேட்டார். தொலைபேசியில் நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. ஆகவே விரிவாக எழுதுகிறேன். எத்தனை வொட், என்ன வேகம், வயர் எவ்வளவு நீளம் என்பவை பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், நெடுநாள் கையில் வைத்துப் பழகினால் மட்டுமே தெரியவரும் விடயங்களைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஹட்டன் நகரில் நான் நடத்தும் சிறிய கொமியுனிகேஷன் கடையின் கணினிகளோடு, சுற்றியுள்ள தோட்டங்களின் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) அலுவலகக் கணினிகளும் என் கைக்கு வருகின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில், குளிர்ந்த ஊரில் இருக்கும் கணினிக்குச் சூட்டினால் என்ன கெடுதல் வரப்போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இங்கே சிக்கல் ஈரத்தில் இருக்கிறது. மே தொடக்கம் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில், மூடிய அறைக்குள்ளும் துணி காய்வதில்லை. அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தூசு, விறகடுப்புப் புகையோடும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையோடும் கலந்து, பிராசசரின் சூட்டை வெளியேற்றும் அலுமினியச் சிறகுகளிலும், பகுதிகளெல்லாம் பொருத்தப்பட்ட மதர்போர்ட் பலகையிலும் பிசுபிசுவென்று அப்பிவிடுகிறது. கொழும்பில் வாயால் ஊதினாலே பறந்துவிடக்கூடிய தூசு இங்கே விரலால் சுரண்டினாலும் முழுதாக வராது. அதோடு, ஈரமேறிய தூசு சிறிதளவு மின்னைக் கடத்தவும் செய்யும். மழைக்காலத்தில் மட்டும் காரணமின்றி நின்று நின்று ஓடும் கணினிகள் பலவற்றை நான் பகுதிகள் எதையும் மாற்றாமல், சுத்தம் செய்து உலர்த்தியே திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

2022 ஆம் ஆண்டில் டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதற்குப் பின்னர், புதுக் கணினி வாங்குவது என்ற பேச்சே எங்கள் பக்கத்தில் அருகிவிட்டது. பத்து வருடம் கடந்த கணினிகளையே இன்றும் பாடசாலைகளும் தோட்ட அலுவலகங்களும் நம்பியிருக்கின்றன. எனவே தூசு தட்டுவதை நான் சிறு வேலையாகக் கருதுவதில்லை. ஒரு பழைய கணினியின் ஆயுளை வேறெந்தச் செலவும் இவ்வளவு மலிவாக நீட்டித் தராது.

புளோவரை வாங்குவதற்கு முன் மற்ற வழிகளையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். டின்னில் அடைத்து விற்கும் காற்று என்பது உண்மையில் காற்றன்று, திரவமாக்கப்பட்ட வாயு. பல டின்களில் இருக்கும் டைபுளோரோஈதேன், பூச்சியத்துக்குக் கீழே சுமார் 25 பாகை செல்சியஸில் கொதிக்கும்; அது தீப்பற்றக்கூடியதும் ஆகும். டின்னைச் சரித்துப் பிடித்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே பீறிட்டு வந்து பலகையை உறைய வைக்கிறது. பனிமூட்டம் நிறைந்த அறையில், அப்படிக் குளிர்ந்த இடத்தில் காற்றிலுள்ள ஈரம் உடனே நீர்த்துளியாகப் படிந்துவிடும். தூசைப் போக்கப் போய் ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் ஒரு பொருளை, அதுவும் விலைகொடுத்து, நம் ஊரில் எதற்காக வாங்க வேண்டும்? தொடர்ந்து அழுத்தினால் டின்னே குளிர்ந்து அமுக்கம் குறைந்துவிடுவதால், ஒரு கணினியை முடிப்பதற்குள் பலமுறை காத்திருக்கவும் வேண்டும்.

கணினிப் பெட்டியை முச்சக்கர வண்டியில் ஏற்றிச் சென்று, டயர்க் கடையில் கொம்பிரசரால் ஊதச் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது செலவில்லாத வழியாகத் தோன்றும். ஆனால் காற்றை அமுக்கும்போது அதிலுள்ள நீராவி தொட்டிக்குள் நீராகத் தங்குகிறது. அடியிலுள்ள வால்வைத் திறந்து அந்த நீரை அன்றாடம் வெளியேற்றாவிட்டால், குழாயின் வழியே நீரும் கொம்பிரசரின் எண்ணெயும் தூறலாக வந்து மதர்போர்ட்டின் மேல் விழும். டயருக்கு அதனால் கேடில்லை. கணினிக்கு அது பெருங்கேடு. வீட்டு வெக்கியூம் கிளீனரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதன் பிளாஸ்டிக் குழாயில் உராய்வினால் நிலைமின்னேற்றம் சேரும்; மதர்போர்ட்டில் தளர்ந்திருக்கும் ஜம்பர் எனும் சிறு இணைப்பு மூடிகளையும் அது உறிஞ்சிக்கொள்ளும். தரையில் விழுந்த தூசை அள்ள மட்டும் அது போதும்.

இவற்றோடு ஒப்பிடும்போது, புளோவரின் அருமை எனக்குத் தாமதமாகவே புரிந்தது. அதன் வேகத்தை நான் எதிர்பார்த்துத்தான் வாங்கினேன். எதிர்பாராமல் கிடைத்தது அதன் காற்றிலிருந்த இளஞ்சூடு. காற்று வெளிவரும் வாயில் குறுகிய மூக்கைப் பொருத்திச் சிறிது நேரம் ஓடவிட்டால், வெளிவரும் காற்று அறையின் காற்றைவிடச் சற்றுச் சூடாக இருக்கிறது. யூலை மாதத்து மழை நாளொன்றில் ரேம் துளைகளையும் கிராபிக்ஸ் கார்ட் துளையையும் இந்தக் காற்றால் நிதானமாக ஊதினால், தூசோடு ஈரமும் சேர்ந்து வெளியேறுகிறது. டின்னைப் போல இதில் அமுக்கம் குறைவதில்லை. இடையில் நிறுத்திக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. பிராசசர் மேலுள்ள விசிறியைக் கழற்றி, அதன் கீழே சிறகுகளுக்கு மேல் கம்பளித் துண்டு போல ஒரே தாளாகப் படிந்திருக்கும் தூசின் விளிம்பை ஈர்க்கினால் மெல்ல நெம்பிவிட்டு, பக்கவாட்டிலிருந்து ஊதினால், அந்தத் தாள் முழுதாகக் கிளம்பி வந்துவிடும். அதன் அடியில் அலுமினியம் பளிச்சென்று தெரியும் காட்சியை எத்தனை தடவை கண்டாலும் எனக்கு அலுப்பதில்லை. எனது கடைக் கணினி ஒன்று, இப்படி ஊதியபின் விசிறிச் சத்தமே கேட்காத அளவுக்கு அமைதியாகிவிட்டது.

இவ்வளவு நல்ல கருவிக்கு அந்த மூக்கை வடிவமைத்தவர் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. புளோவரின் வாயில் இரண்டு சிறு பிளாஸ்டிக் முனைகள் உள்ளன. மூக்கைச் செருகிக் கால் சுற்றுத் திருப்பினால் அந்த முனைகளில் அது பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டிக்கொள்வதும் உண்மைதான். ஆனால் மோட்டர் முழு வேகத்தில் அதிரும்போது, திருப்பிய அதே வழியில் மூக்கு சிறிது சிறிதாகத் திரும்பி வந்து, கடைசியில் காற்றின் தள்ளுதலோடு கழன்று பாய்கிறது. அது போய் விழும் இடம் எப்போதும் திறந்த கணினியின் வயிறாகவே இருக்கிறது. ஒருமுறை கிராபிக்ஸ் கார்ட் விசிறியின் இதழொன்றை அது உடைத்துவிட்டது. அந்த விசிறிக்குச் சரியான மாற்று கண்டியிலும் கிடைக்காமல், வேறொரு விசிறியைக் கம்பியால் கட்டிப் பொருத்த வேண்டியதாயிற்று. முனைகள் நாளடைவில் தேய்வதால் கோளாறு குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போகிறது. விற்ற கடையில் முறையிட்டபோது புது மூக்கொன்றை மறுக்காமல் தந்தார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆயினும் அதுவும் அதே வடிவம்தான், அதே மாதிரிக் கழன்றது.

பீவீசி டேப்பைச் சுற்றிப் பார்த்தேன். இளஞ்சூட்டில் அதன் பசை இளகி வழுக்கியது. சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டை வெட்டி இடையில் செருகியபோது ஓரளவு நின்றது. கேஸ் குழாய்க்குப் போடும் கிளிப்பின் பெரிய வகையொன்றை ஹார்ட்வெயார் கடையில் வாங்கி இறுக்கியதன் பின்புதான் மூக்கு அசையாமல் இருக்கிறது. ஆனால் அப்படி இறுக்கினால், அகன்ற மூக்குக்கும் குறுகிய மூக்குக்கும் மாறி மாறி வேலை செய்ய முடியாது. ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும். அந்த முனைகளை இரண்டு மில்லிமீற்றர் தடிப்பாக வார்த்திருந்தால், அல்லது மரை வைத்துத் திருகும் மூக்காக அமைத்திருந்தால், இந்தத் தொல்லை எதுவுமே இருந்திராது. மோட்டரை இவ்வளவு உறுதியாகச் செய்தவர்கள், சில ரூபா பெறுமதியான பிளாஸ்டிக்கில் சிக்கனம் பார்த்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தூசு சேர்க்கும் பையையும் கூடவே தருகிறார்கள். மெல்லிய தூசு அதன் துணி வழியே வெளியே வந்துவிடுவதால் அதனால் பயனில்லை. சத்தமோ, லயத்தில் ஒரு வீட்டில் ஓட்டினால் வரிசை முழுவதற்கும் கேட்கும். கைக்குழந்தை இருக்கும் அயலில் நேரம் பார்த்தே ஓட்ட வேண்டும்.

இனி, புளோவரால் முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்டோர் அலுவலகத்திலிருந்து வரும் கணினியைத் திறந்தால், உள்ளே பொன்னிறம் கலந்த பழுப்பில் பஞ்சு போன்ற தூசு நிறைந்திருக்கும். காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும்போது பறக்கும் இலையின் நுண்ணிய ரோமங்கள் அவை. தேயிலையிலிருந்து நாரையும் தண்டையும் பிரிப்பதற்கு, உராய்வால் மின்னேற்றம் பெற்ற பீவீசி உருளைகளை ஸ்டோரில் பயன்படுத்துகிறார்கள். மின்னேறிய உருளை நாரை இழுத்து எடுத்துக்கொள்ளும். அதே விதமாகத்தான், சுழன்று சுழன்று மின்னேற்றம் கொண்ட விசிறி இதழ்களும் இந்த ரோமங்களை இழுத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. எவ்வளவு வேகமாக ஊதினாலும் இதழின் விளிம்பில் ஒரு படை அப்படியே நிற்கும். அதற்கு வழி, ஒரு அங்குல அகலமுள்ள சாதாரண பெயின்ட் பிரஷ்தான். அதுவும் நைலோன் மயிரில் இல்லாமல், இயற்கை மயிரில் செய்ததாக இருக்க வேண்டும்; நைலோன் எளிதில் மின்னேற்றம் கொள்ளும். பிரஷ்ஷால் வருடித் தளர்த்தியபின் ஊதினால் முழுவதும் போய்விடும். புகையெண்ணெய் ஏறிய இதழ்களுக்கு மட்டும், 99 வீத ஐசோபுரொபைல் அல்ககோலில் நனைத்த துணி தேவைப்படும். பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நீரும், சில வகைகளில் எண்ணெய்ச் சேர்க்கையும் இருப்பதால் அதை இதற்குப் பயன்படுத்துவதில்லை.

எந்தக் கருவியானாலும் சில விதிகளை நான் மீறுவதே இல்லை. பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னை வெளியேற்றியபின், பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டே உள்ளே கை வைப்பேன். ஊதும்போது ஒவ்வொரு விசிறியின் இதழ்களுக்கிடையிலும் ஒரு ஈர்க்கைச் செருகிச் சுழலாமல் நிறுத்திவிடுவேன். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுழலும் விசிறி தன் பெயாரிங்கைக் கெடுத்துக்கொள்வதோடு, சிறு ஜெனரேட்டராகி மதர்போர்ட்டுக்குள் மின்னை அனுப்பவும் கூடும். பவர் சப்ளையை வெளியிலிருந்து மட்டுமே ஊத வேண்டும். அதன் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே மின்னைச் சேமித்து வைக்கும் பெரிய கொள்ளளவிகளில் 300 வோல்டுக்கு மேற்பட்ட மின், பிளக்கைக் கழற்றிய பின்னரும் தங்கியிருக்கக்கூடும். வேலையை முற்பகலில், வெயில் விழும் விறாந்தையில் வைத்துக்கொள்வது நல்லது; எங்கள் ஊரில் பின்னேரமானால் பனிமூட்டம் இறங்கிவிடும்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். மேலே நான் எழுதியதை வாசிப்பவர், இதை வாங்கச் சொல்லித்தான் முடிப்பேன் என்று எதிர்பார்க்கலாம். இந்தக் கருவிக்கு ஈடாக மலைநாட்டு ஈரத்துக்குப் பொருத்தமான வேறொன்றை நான் கண்டதில்லை என்பதும் உண்மை. ஆனாலும் இந்த மாதிரியை வாங்க வேண்டாம் என்றே சொல்கிறேன். காபன் பிரஷ் மாற்றி வந்த நாளிலேயே, கிளிப் இறுக்காத வேளை பார்த்து, அந்த மூக்கு மறுபடியும் கழன்று ஒரு மதர்போர்ட்டின் மேல் விழுந்தது. அந்த எரிச்சல் ஆறாத நிலையில் மாணவர்கள் நிற்கும் அறைக்கு இதை எடுத்துச் செல்லுங்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இப்போதைக்குப் பாடசாலைப் பணத்தில் நல்ல மயிர்ப் பிரஷ்கள் சிலவும் ஒரு போத்தல் ஐசோபுரொபைல் அல்ககோலும் வாங்கி வைத்தால் போதும். முதலாம் தவணை விடுமுறையில் என் புளோவரைக் கிளிப்போடு நானே கொண்டுவந்து எல்லாக் கணினிகளையும் ஊதித் தருகிறேன்.

பிறகு சொந்தமாக ஒன்று வேண்டுமென்றால், மூக்கை மரையில் திருகும் மாதிரியாகத் தேடுங்கள். கடையில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, மூக்கைப் பூட்டி, பிளக்கில் செருகி, முழு வேகத்தில் இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள்; காபன் பிரஷ் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் இணங்காத கடையில் பணம் கொடுக்க வேண்டாம்.