டாக்கரும் 1000 என்ற எண்ணும்: நான்கு வருட அனுபவம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு சர்வர் பார்த்துக்கொள்கிறேன். அட்டைப்பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர்களை பிடிஎஃப்பாக எடுத்துத்தரும் மென்பொருள் நான்கு வருடமாக டாக்கர் கன்டெய்னரில்தான் (சர்வருக்குள்ளேயே மென்பொருளைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டி) ஓடுகிறது. ஆர்டருக்கு ஒரு ஃபோல்டர் போடும். பேக்கிங் ஆட்கள் ஹோஸ்ட் பக்கமிருந்து, அதாவது கன்டெய்னருக்கு வெளியே உள்ள சர்வரிலிருந்து, எடுத்துக்கொள்வார்கள்.

முதல் மாதமே பேக்கிங் பார்க்கும் அண்ணன் கூப்பிட்டார். “தம்பி, தப்பா வந்த ஸ்டிக்கர அழிக்கவே விடமாட்டேங்குதுங்க. சாயங்காலம் லாரி தூத்துக்குடி கிளம்போணும்.” உரிமையாளரை எண்ணாகக் காட்டும் எல்எஸ் -எல்என் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். ஃபோல்டருக்கு உரிமையாளர் 0, அதாவது ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி யூசர்). அவசரத்துக்கு, எல்லோருக்கும் எழுதவும் அழிக்கவும் அனுமதி தரும் சிஹெச்மோட் 777 போட்டேன், லாரி கிளம்பியது. மறுநாள் வந்த ஆர்டரின் ஃபோல்டரில் மறுபடியும் அதே 0.

லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) யூசரின் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. டாக்கரை வழக்கம்போல் நிறுவினால் கன்டெய்னருக்குள் இருக்கும் ரூட்டும் 0, வெளியே இருக்கும் ரூட்டும் அதே 0. பேக்கிங் லாகினோ 1000. பழைய ஃபோல்டர்களின் உரிமையை சோன் கட்டளையால் ஒருமுறை 1000-க்கு மாற்றிவிட்டு, கன்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்று எழுதிவைக்கும் கம்போஸ் ஃபைலின் யூசர் வரியில் 1000:1000 கொடுத்தேன். அழிப்பதில் இருந்த தகராறு அன்றோடு போனது. ஆனால் 1000-க்கு கன்டெய்னருக்குள் பெயரும் இல்லை, ஹோம் என்கிற சொந்த ஃபோல்டரும் இல்லை. ஹோம் வெறும் / ஆகிவிட, ஃபான்ட் கேஷ் எழுத இடமில்லாமல் ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் இழுத்தது. ஹோமை, எவரும் எழுதக்கூடிய தற்காலிக ஃபோல்டரான /டிஎம்பிக்கு மாற்றியதும் சரியானது.

777 போட்டுத் தப்பிக்கிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த சர்வரில் லாகின் உள்ள எவரும் பையருக்குப் போகும் ஸ்டிக்கரைத் திருத்தலாம் என்றாகிவிடும்.

அப்புறம், இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) மாற்றும்போது கவனம். எங்கள் பிஎச்பி இமேஜை டெபியன் என்ற லினக்ஸ் வகையிலிருந்து ஆல்பைன் என்ற வகைக்கு மாற்றிய அன்று படம் ஏற்றுவது நின்றது. இணையதளத்தை ஓட்டும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற யூசர் பெயர் இரண்டிலும் உண்டு. டெபியனில் அது 33, ஆல்பைனில் 82. உபுண்டு 24.04 இமேஜில் வேறு கதை: உபுண்டு என்ற யூசர் ஏற்கெனவே 1000-இல் உட்கார்ந்திருக்கிறது. அதே எண்ணில் நாம் யூசர் சேர்க்கப் போனால் பில்ட் அங்கேயே நிற்கும்.

இப்போது கம்போஸில் 1000 என்று நேராக எழுதுவதில்லை. ஒவ்வொரு மெஷினிலும் ஐடி -யு கட்டளை தரும் யூசர் எண்ணை, கம்போஸ் படிக்கும் என்வ் ஃபைலில் வைக்கிறேன். பேக்கப்புக்கு வேறு மெஷினுக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் ஓட்டும்போது, எண்ணை அப்படியே வைக்கச் சொல்லும் நியூமெரிக்-ஐடிஸ் ஆப்ஷனைத் தவறாமல் சேர்க்கிறேன். ரூட்டாக ஓட்டும்போது அது இல்லையென்றால், ஆர்சிங்க் பெயரைப் பொருத்திப் பார்த்து அந்தப் பக்க மெஷினில் வேறு எண் போட்டுவிடும்.