செட்டருக்கு அப்புறம் என்ன? கேமா, மெயின்டனன்ஸா, சொந்த ஷெட்டா

சித்தப்பா பையன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு கணபதிப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வி.எம்.சி. (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடுகிற மில்லிங் மெஷின்) ஓட்டுகிறான், நாலு வருடத்தில் செட்டராகிவிட்டான், அதாவது டூலும் பீஸும் பொருத்தி மெஷினை ஓட்டத்துக்குத் தயார் செய்கிற ஆள். "அடுத்து கேம் படிக்கட்டுமுங்களா, பி.எல்.சி. படிக்கட்டுமுங்களா அண்ணா?" என்று போன வாரம் கேட்டான். கேம் என்றால் டிராயிங்கை வைத்து மெஷினுக்கு கம்ப்யூட்டரில் புரோகிராம் போடுவது; பி.எல்.சி. என்றால் பேனலுக்குள் இருந்து மெஷினை இயக்குகிற கன்ட்ரோலர், மெயின்டனன்ஸ் பக்கம் போகிறவன் படிக்க வேண்டியது. அவனைப் போல நிற்கிற பையன்கள் கோயமுத்தூரில் நிறையப் பேர், அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

செட்டருக்கு கேம் புரோகிராமிங் பக்கத்து வீடு மாதிரி. ஜி54 (பீஸின் ஜீரோ புள்ளி) எங்கே எடுப்பது, எந்த டூல் எந்த வேகத்தில் கத்தும் என்பதெல்லாம் கைக்கு முன்பே தெரியும்; கம்ப்யூட்டரில் மட்டும் படித்து வந்தவன் கிளாம்ப் நிற்கிற இடத்திலேயே டூலை இறக்குவான். லோடிங்கோடு 11 நிமிடம் ஆகிற ஒரு பம்ப் பாடியை 9 நிமிடத்துக்குக் கொண்டு வந்தால், 20 மணி நேர ஓட்டத்தில் 109 உருப்படி 133 ஆகும், முதலாளி தானாகவே நம்மைத் தேடி வருவார். ஆனால் ஒரே பம்ப் பாடி வருடக்கணக்கில் ஓடுகிற கம்பெனியில் ஒருமுறை புரோகிராம் போட்டதும் வேலை முடிந்தது, அப்புறம் சும்மா உட்கார வேண்டியதுதான். டை, மோல்டு, தினமும் புது டிராயிங் வருகிற ஜாப் ஒர்க், இந்த இடங்களில்தான் கேம்காரனுக்கு மரியாதை.

மெயின்டனன்ஸ் அப்படியில்லை. கோவை ஸ்பின்னிங் மில், திருப்பூர் சாயப்பட்டறை, பல்லடம் தறி, உடுமலை காற்றாலை, எங்கே போனாலும் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற டிரைவ், பேனல்தான். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்கு அப்புறம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாமல் சுத்திகரித்தால்தான் பட்டறை ஓடும் என்றாகிவிட்டது, அந்த ஆர்.ஓ. ஃபில்டர், மிச்சத் தண்ணீரை ஆவியாக்குகிற எவாப்பரேட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

எங்கள் ஷாப்பில் நடந்த ஒன்று. மெஷின் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை நினைவில் வைத்திருக்கிற சர்வோ பேட்டரி தீரப்போகிறது என்று அலாரம் வந்தது. புதுப் பையன் பாதுகாப்பாகச் செய்வதாக நினைத்து, மெயினை அணைத்துவிட்டு பேட்டரியைக் கழற்றினான். எங்கள் மெஷினில் அதை ஆன் செய்துவைத்துத்தான் மாற்ற வேண்டும், இல்லையென்றால் மெஷினுக்குத் தன் ஆரம்ப இடம், ஹோம் பொசிஷன், மறந்துபோகும். மறந்தும் போனது. திரும்ப ஜீரோ செட் பண்ணி டிரையல் பீஸ் ஓட்டி முடிக்க ஒன்றரை நாள். நூறு ரூபாய் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து அதைச் சரிசெய்த மனுஷனுக்கு முதலாளியே இளநீர் வெட்டிக் கொடுத்தார்! ராத்திரி ரெண்டு மணிக்கும் போன் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

குவாலிட்டி, சி.எம்.எம். (பீஸை அளந்து பார்க்கிற மெஷின்) பக்கம் நல்ல வேலைதான், ஏ.சி. அறைதான், ஆனால் ஒரு கம்பெனிக்கு ரெண்டு பேர் போதும்.

சொந்த ஷெட் ஆசை எங்கள் ஊரில் யாருக்குத்தான் இல்லை? மெஷின் லோன் ஐந்தாம் தேதி தவறாமல் கேட்கும், ஜாப் ஒர்க் பணம் அப்படி வராது. சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தரணும் என்று 2006-லேயே சட்டம் வந்தாயிற்று, இருந்தாலும் பெரிய கஸ்டமரிடம் போய் அதைப் பேசினால் அடுத்த ஆர்டர் பக்கத்து ஷெட்டுக்குப் போய்விடும். கையில் மூணு கஸ்டமரும், ஆறு மாத லோன் தவணைக்குப் பணமும் இல்லாமல் ஷெட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதே என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

என் ஓட்டு மெயின்டனன்ஸுக்கு. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், பழைய பேனல் ஒன்று மூலையில் கிடக்கிறது. 24 வோல்ட் ஒயர் எது, 415 வோல்ட் எது என்று மல்டிமீட்டர் வைக்கும் முன்னால் சொல்கிறானா பார்ப்போம், மிச்சத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.