சிமெண்டா, நடைகல்லா? துலிப்பா, மழை லில்லியா?

சிங்கப்பூரில் எங்கள் சிலேத்தார் ஹில்ஸ் வீட்டின் பக்கவாட்டு மண்ணில் இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மகிழம், ஒரு கொய்யா, ஒரு கறிவேப்பிலை நட்டோம். மூன்றுக்கும் நடுவே ஒரு பாதை, ஓரத்தில் பூக்கிழங்கு. இவ்வளவுதான் திட்டம். அதற்கே வீட்டில் மூன்று கட்சி.

பூவை முதலில் முடித்துவிடலாம். மகளுக்குத் துலிப் ஆசை. கரையோரப் பூந்தோட்டத்தின் மலர்க் குவிமாடத்தில் வருடா வருடம் பார்க்கிறாளே! ஆனால் துலிப் கிழங்குக்கு 12 முதல் 16 வாரம் குளிர் வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தோம், தோசை மாவுக்கும் ஆப்பிளுக்கும் நடுவில். பழுக்கிற பழம் விடும் எத்திலீன் கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. வெறும் இலை வந்தது, அதுவும் வெயிலில் துவண்டது. மழை லில்லிக்கு இந்தச் சீராட்டல் எதுவும் வேண்டாம். நட்ட கிழங்கு மண்ணிலேயே கிடந்து பெருகும். சில நாள் காய்ந்து ஒரு மழை பெய்தால் போதும், பாதையோரம் முழுக்க ரோஸ் நிறம். ஒரு பூ ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும், ஆனால் அடுத்த மழை இங்கே எப்போதும் பக்கத்தில்தான்.

இனி பாதை. மரச்சீவல் பார்க்க அழகு, இந்த ஈரத்தில் சீக்கிரம் மக்கிப் போகும், திரும்பத் திரும்பக் கொட்ட வேண்டும். வேண்டாம்.

சிமெண்டுதான் மனைவியின் கட்சி. பெருக்கச் சுலபம், அம்மா கைத்தடியோடு நடக்கலாம். நியாயம்தான். ஆனால் எங்கள் பழைய வீட்டில் ரம்புத்தான் மரத்தடிச் சிமெண்டை வேர் தூக்கிவிட்டது. சரிசெய்ய வந்தவர் உடைத்து, வேரை வெட்டி, மறுபடி பூசிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் அந்தப் பக்கக் கிளை காய்ந்தது. மரம் உறிஞ்சும் வேரில் பெரும்பகுதி மேல் மண்ணில்தான் ஓடுகிறது, காற்றும் தண்ணீரும் அங்கேதானே இருக்கின்றன. சின்ன மரத்தைச் சுற்றிச் சிமெண்டு போடுவது, வளரும் பிள்ளைக்கு இந்த வருட அளவில் செருப்பைத் தைத்துக் காலோடு ஒட்டிவிடுவது மாதிரி.

அதனால் நடைகல். 40 சென்டிமீட்டர் சதுரக் கற்கள், சொரசொரப்பான முகம், அடியில் மணல், இடையில் மழை லில்லி. கடையில் கல்லின் நடுவிலிருந்து அடுத்த கல்லின் நடுவுக்கு 60 சென்டிமீட்டர் என்றார்கள். அம்மாவை நடக்கவிட்டு அளந்தேன், 50தான் வந்தது. அப்படியே போட்டேன். போன மாதம் கொய்யா பக்கத்துக் கல் ஒன்று ஆடியது. தூக்கினால் அடியில் விரல் தடிமனில் வேர். கல்லை ஒரு சாண் தள்ளிப் போட்டேன். பத்து நிமிட வேலை.

குறையும் உண்டு. பாசி பிடிக்கிறது, மாதம் ஒரு முறை தேய்க்கிறேன். குழிந்து போன கல்லில் தண்ணீர் நின்றால் ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசு தயார், அதைச் சமன்படுத்தியே ஆகவேண்டும்.

என் அனுபவம் இரண்டு வருடம்தான். மகிழம் குடை விரித்து நிழல் விழுந்தால் மழை லில்லி பூப்பது குறையும். அப்போது அந்தப் பக்கம் ஸ்பைடர் லில்லி வைக்க எண்ணம், அது ஓரளவு நிழலைத் தாங்கும். கல்லைத்தான் தள்ளிப் போட்டாயிற்றே, அம்மா மட்டும் அந்த ஒரு கல்லை இன்னும் தாண்டித்தான் போகிறார்.