பக்கெட் சீட்டுக்கு அப்புறம் எந்த கார் சீட்?

பிறந்ததும் வாங்குகிற, கைப்பிடி வைத்த பக்கெட் கார் சீட் குழந்தைக்கு எப்போது போதாமல் போகிறது என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் எடையைத்தான் சொல்கிறார்கள். "எட்டரை கிலோதான் இருக்கான், சீட்டில் 13 கிலோ வரைக்கும்னு போட்டிருக்கு, இன்னும் ஒரு வருஷம் ஓடும்ல?" ஓடாது. எடைக்கு முன்னால் தலை முட்டிவிடும்.

எங்கள் பையனுக்கு அடுத்த சீட் எது என்று இப்போதுதான் முடிவு செய்தோம். வீடு புதுச்சேரியில், அம்மா வீடு கடலூரில், கணவரின் வேலை காரணமாக ஈசிஆரில் சென்னைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. அதனால் கார் சீட் எங்களுக்கு அன்றாடப் பொருள். எங்கள் முன்னால் இருந்த வழிகள் மூன்று: இருக்கிற பக்கெட் சீட்டையே முடிந்தவரை ஓட்டுவது, பின்னோக்கியும் (குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படி) முன்னோக்கியும் வைக்கக்கூடிய கன்வெர்ட்டிபிள் வாங்குவது, 9 கிலோவிலிருந்து என்று எழுதி விற்கிற முன்னோக்கிய சீட்டை வாங்குவது. நாங்கள் வாங்கியது கன்வெர்ட்டிபிள். அதையும் பின்னோக்கியே மாட்டியிருக்கிறோம், மாட்டிய நாளிலிருந்து நான் அந்தக் கட்சிதான்.

மடியில் வைத்துக்கொள்வதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 50 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி நின்றால் எந்தத் தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தாது. சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் 1000 ரூபாய் அபராதம்.

சரி, முதல் வழிக்கு வருவோம். உலக சுகாதார அமைப்பின் வளர்ச்சி அட்டவணையில் ஒரு வயது ஆண் குழந்தையின் நடு அளவு 9.6 கிலோ, உயரம் ஏறக்குறைய 76 செ.மீ.; பெண் குழந்தைக்கு 8.9 கிலோ, 74 செ.மீ. இரண்டு வயதில்கூட எடை 12 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அப்படியானால் 13 கிலோ என்பது பல பிள்ளைகளுக்கு இரண்டு வயதுக்கு மேல்தான் வரும், அதற்குள் பக்கெட் சீட்டின் முதுகு எப்போதோ குட்டையாகியிருக்கும். ஒல்லியாக, உயரமாக வளர்கிற பிள்ளைக்கு இந்தக் கிலோ கணக்கு இன்னும் மோசமாக ஏமாற்றும். எங்கள் பையன் அந்த ரகம்.

பார்க்கிற முறை சுலபம். குழந்தையைச் சரியாக உட்காரவைத்து, வாரை இறுக்கி, கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றை உச்சந்தலைமேல் படுக்கையாக வைத்து சீட்டின் முதுகு வரைக்கும் நீட்டிப் பாருங்கள். அமெரிக்க சீட்டுகள் பலவற்றின் கையேட்டில், உச்சந்தலைக்கு மேலே ஓட்டின், அதாவது சீட்டின் கெட்டியான வெளிக்கூட்டின், விளிம்பு வரை ஓர் அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று இருக்கும். ஐரோப்பிய சீட்டுகளில் பொதுவாக, தலை விளிம்பைத் தாண்டாமல் இருந்தால் போதும் என்பார்கள். உங்கள் சீட்டின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு. எதுவும் தெளிவாக இல்லை என்றால் நான் அந்த ஓர் அங்குலத்தையே பிடித்துக்கொள்வேன், ஏனென்றால் முன்பக்கமாக மோதும்போது பின்னோக்கி இருக்கிற குழந்தையின் உடம்பு சீட்டின் முதுகோடு மேல்நோக்கிச் சறுக்கும். விளிம்புக்கு மேலே தலை போய்விட்டால் அதைத் தாங்க அங்கே எதுவும் கிடையாது.

அதற்கு முன்னால் ஒன்று. பிறந்த குழந்தைக்காக உள்ளே வைத்திருக்கும் குட்டி மெத்தையைக் கழற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். அது குழந்தையைத் தூக்கி உட்காரவைத்திருக்கும், எடுத்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும். தோள் வாரையும் கவனியுங்கள்: பின்னோக்கி வைக்கும்போது வார் தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழேயோ வரவேண்டும், முன்னோக்கி வைக்கும்போது நேராகவோ சற்று மேலேயோ.

கால் மடங்குவது அடையாளம் இல்லை. என் மாமியார் கடலூர் போகிற வழியெல்லாம், "ஏம்மா, புள்ள கால மடக்கினு குந்தினு இருக்குதே, வலிக்காதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வீட்டில் தரையில் விட்டால் அதே பிள்ளை சம்மணம் போட்டும் காலை மடக்கியும்தானே மணிக்கணக்கில் விளையாடுகிறான் என்று காட்டியதும் சமாதானமானார்.

முன்னோக்கிய சீட்டின் வசதிகள் தெரிந்தவைதான். பிள்ளை உங்கள் முகத்தையும் ரோட்டையும் பார்த்துக்கொண்டு வரும், முன் சீட்டுக்காரர் காலை நீட்டலாம், விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் அந்த "9 கிலோ முதல்" என்ற வரி எனக்குக் கவலை தருகிறது. சில பிள்ளைகள் ஒன்பது மாதத்திலேயே 9 கிலோவைத் தொட்டுவிடும், அந்தக் கழுத்து ஒன்பது மாதக் கழுத்துதான். இந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை பெரிது, கழுத்து எலும்புகள் இன்னும் முழுதாகக் கெட்டிப்படவில்லை. முன்னோக்கி உட்கார்ந்திருக்கும்போது வண்டி மோதினால் உடம்பை வார் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும், அந்த இழுப்பு முழுவதும் கழுத்துக்கு. பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் ஓடு சேர்த்துத் தாங்கும், குழந்தையைத் தோளில் போட்டுப் பிடரியில் கை கொடுப்போமே, அதைப்போல. குழந்தை சீட்டுகளுக்கான ஐரோப்பாவின் ஆர்129 பாதுகாப்பு விதியில் 15 மாதத்துக்கு முன்னால் முன்னோக்கி வைக்கவே கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018-இல் வயதுக் கணக்கையே விட்டுவிட்டு, சீட்டின் அளவு அனுமதிக்கிறவரை பின்னோக்கியே வையுங்கள் என்று சொன்னது.

கன்வெர்ட்டிபிளிலும் எல்லாம் ஒன்றல்ல. பின்னோக்கி 13 கிலோவோடு நிற்கிறவை உண்டு, 18 கிலோ வரை போகிறவை உண்டு, ஆர்129 முத்திரையோடு 105 செ.மீ. வரை போகிறவையும் உண்டு. பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் மொத்த வயதை விட்டுவிட்டு, பின்னோக்கி எதுவரை என்பதைத் தேடிப் படியுங்கள். நான் கடைக்கு இஞ்சி டேப் எடுத்துப்போனேன். வீட்டில் பையனைச் சுவரோடு ஒட்டி உட்காரவைத்து தரையிலிருந்து உச்சந்தலை வரை அளந்து வைத்திருந்தேன். கடையில் ஒவ்வொரு சீட்டிலும் உட்காரும் இடத்திலிருந்து ஓட்டின் விளிம்பு வரை அளந்தேன். ஒரே 13 கிலோ போட்ட சீட்டுகளுக்குள்ளேயே முதுகு உயரம் கண்கூடாக மாறியது. கடைக்காரர் பொறுமையாக ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தார். நிறம், கோப்பை மாட்டும் வளையம் எல்லாம் அப்புறம் பார்க்கலாம், காசு கொடுக்க வேண்டியது அந்த உயரத்துக்குத்தான்.

இழப்பும் இருக்கிறது. தூங்கிய பிள்ளையைக் கைப்பிடியோடு அப்படியே தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிற சுகம் போய்விட்டது, இப்போது எழுப்பித்தான் தூக்க வேண்டும். எங்களுடையது சின்ன வண்டி, பின்னோக்கி மாட்டினால் முன் இருக்கையைத் தள்ள வேண்டியிருக்கிறது, என் கணவரின் முழங்கால் டேஷ்போர்டைத் தொடுகிறது. வளர்ந்த பிள்ளைக்குச் சாய்வைக் கையேடு அனுமதிக்கிற அளவு நிமிர்த்தினால் கொஞ்சம் இடம் மீளும். முன்னால் ஏர்பேக் இருக்கிற இருக்கையில் மட்டும் பின்னோக்கிய சீட்டை வைக்கவே வைக்காதீர்கள். அப்புறம் வெயில். கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தால் பக்கிள் சுடும், பழைய துண்டைப் போட்டு மூடி வைக்கிறோம்.

எங்கள் வண்டியில் பெல்ட்டால்தான் கட்டுகிறோம். சீட்டின்மேல் முழங்காலை ஊன்றி இழுத்து, பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. ஐசோஃபிக்ஸ் (பெல்ட் இல்லாமல் சீட்டை நேராக மாட்டும் இரும்பு வளையங்கள்) இருக்கிற வண்டியில் என் அனுபவம் நாத்தனாரின் காரோடு சரி, அங்கே டக்கென்று மாட்டியது. 360 டிகிரி சுழலும் சீட்டுகளைக் கடையில் திருப்பிப் பார்த்ததோடு நிற்கிறது, அதனால் அவற்றைப் பற்றித் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

பழைய பக்கெட் சீட்டை உறவில் பிறந்த பாப்பாவுக்குக் கொடுத்தோம், அடியில் அச்சடித்த தயாரிப்புத் தேதியையும் கையேட்டில் இருந்த ஆயுட்காலத்தையும் பார்த்த பிறகு. முன்பின் தெரியாதவரிடமிருந்து பழைய சீட் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அது விபத்தில் அடிபட்டதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உங்கள் பிள்ளைக்கு நோட்டு வைத்துப் பார்த்ததில் இன்னும் இரண்டு அங்குலம் மிச்சம் இருக்கிறதா? அப்படியானால் இப்போது எதுவும் வாங்க வேண்டாம், மாதத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டே வாருங்கள்.