அப்பச்சியையும் ஆத்தாவையும் ஆஸ்திரேலியாவுக்கு அழைக்க: வரிசையா, காசா, அமைச்சரின் தயவா?

கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போன தலைமுறை பர்மாவிலும் மலாயாவிலும் கணக்கை முடித்துக்கொண்டு செட்டிநாட்டுக்கே திரும்பியது. இன்றைய பிள்ளைகள் சிட்னியில் வேரூன்றிவிட்டார்கள். கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் இரண்டு கட்டு வீட்டில் அப்பச்சியும் ஆத்தாவுமாகப் பெற்றோர் மட்டும் இருக்கிறார்கள்.

நிரந்தர விசா கேட்பவர்கள் முதலில் பிள்ளைகளை எண்ண வேண்டும். பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவில் குடியிருக்க வேண்டும். அல்லது வேறு எந்தத் தனி நாட்டையும்விட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்ணும் கணக்கில் உண்டு. மூத்தவர் சிட்னி, அடுத்தவர் சிங்கப்பூர், மகள் சென்னை என்றால் கதவு அங்கேயே மூடிவிடும். சிட்னியில் ஒருவர், சென்னையில் ஒருவர் என்றால் தேறிவிடலாம்.

தேறியவர்களுக்கு 103 என்ற எண்ணுள்ள நிரந்தரப் பெற்றோர் விசா மலிவு. ஆனால் காத்திருப்பு 30 ஆண்டுகளைத் தாண்டுகிறது. எழுபது வயதுக்காரருக்கு இதைப் பரிந்துரைப்பது கேலி. கூடுதல் பணம் கட்டிப் பெறும் நிரந்தரப் பெற்றோர் விசாவான 143-க்கு ஆளுக்கு ஏறத்தாழ 48,000 ஆஸ்திரேலிய டாலர். அதைக் கட்டத் தயாராக இருந்தாலும் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். தம்பதிக்குக் கணக்குப் போட்டால் அரைக்கோடி ரூபாயைத் தாண்டும்.

என் ஓட்டு 2019-இல் வந்த தற்காலிகப் பெற்றோர் விசாவான 870-க்கு. பிள்ளைகளின் எண்ணிக்கையை அது கேட்பதில்லை. மூன்று அல்லது ஐந்து ஆண்டுகள் தங்கலாம், மொத்தம் பத்து ஆண்டுகள் வரை. ஐந்தாண்டுக் கட்டணம் ஆளுக்கு ஏறத்தாழ 12,000 டாலர். வேலை செய்யக் கூடாது, மருத்துவக் காப்பீட்டை நாமே எடுக்க வேண்டும், பொறுப்பேற்கும் பிள்ளைக்குப் போதிய வருமானம் வேண்டும். ஒரு தவணை முடிந்து மறு தவணை கேட்டால் 90 நாள் வெளியே இருந்தாக வேண்டும். பிள்ளையார் நோன்பையோ ஊர்க் கல்யாணங்களையோ அந்த இடைவெளியில் வைத்துக்கொள்ளலாம். 143-க்கு விண்ணப்பித்துவிட்டு, வரிசை நகரும்வரை இதில் போய் வரவும் முடியும்.

"எதுவும் நடக்காவிட்டால் ஆஸ்திரேலியக் குடிவரவு அமைச்சரிடம் மனுப் போடலாம்" என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். இதை நான்காவது வழியாக எண்ணுவதுதான் ஆபத்து. ஆஸ்திரேலியாவின் 1958-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் 351-ஆவது பிரிவு, விசா முடிவுகளை மறுஆய்வு செய்யும் தீர்ப்பாயத்தில் தோற்றவருக்குச் சாதகமாக முடிவை மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்குத் தருகிறது. அதாவது, விசா மறுக்கப்பட்டு, மறுஆய்விலும் தோற்ற பிறகே அந்த வாசல். மனுவைப் பரிசீலிக்க வேண்டும் என்ற கடமைகூட அமைச்சருக்கு இல்லை. 2023 ஏப்ரலில் டேவிஸ் வழக்கில், பொதுநலனை எடைபோட்டு மனுக்களை அதிகாரிகளே வடிகட்டியது செல்லாது என்று ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் சொன்னது. அது அமைச்சரின் சொந்த அதிகாரம் என்பதுதான் அதன் சாரம். மனுதாரருக்கு உரிமை எதுவும் பிறந்துவிடவில்லை. தோற்பதற்கென்றே விண்ணப்பம் போட்டு, முடிவு தெரியாமல் முதியவர்களை அந்நிய ஊரில் உட்காரவைக்கும் யோசனையை நான் ஏற்கமாட்டேன்.

அங்கே இருந்தபடியே விண்ணப்பிக்கும் முதியோர் விசா 804, ஓய்வூதிய வயதான 67-ஐ எட்டியவர்களுக்கு. பேரப்பிள்ளையைப் பார்க்கச் சுற்றுலா விசாவில் போகிறவர்கள் அனுமதிக் கடிதத்தில் 8503 என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், அதற்கு விலக்குக் கிடைக்காதவரை 804-க்கு அங்கிருந்து விண்ணப்பிக்க முடியாது.